தலைவர் பொறுப்புக்கு என் பெயரைச் சொல்கிறார்கள்: முகம் வெளியே தெரியாமல் இதைச் செய்ய முடியுமா?

தையல்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு யோசனை கேட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவள். 2009-ல் வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் எனக்கும் இருப்பது தெரிந்தது. தையல் தொழில். ஒரே மகள், பிளஸ் டூ படிக்கிறாள், அவளுக்கு இல்லை. எங்கள் மாவட்டத்தில் பாசிட்டிவ் மக்களே சேர்ந்து நடத்தும் சங்கத்தில் செயற்குழு உறுப்பினர். அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது.

எங்கள் தலைவர் அண்ணன் ஐந்து முறை தேர்வாகிப் பதினைந்து வருடம் பொறுப்பில் இருந்தவர். மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வந்து நிற்பார். ஆரம்ப காலத்தில் கொடுத்த ஸ்டாவுடின் மாத்திரையால் அவருக்குக் கன்னம் இரண்டும் ஒட்டிப்போய்விட்டது. விஷயம் தெரிந்தவர்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் மறைப்பது என்ற பேச்சே அவரிடம் இல்லை. இப்போது சிறுநீரகம் பழுதாகி வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். "இனி நம்மால ஆகாதும்மா, நீ பாரு" என்று பீரோ சாவியையும் சங்கத்துப் போனையும் என் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டன் போன், 5 என்ற எழுத்தே அழிந்துவிட்டது. மாவட்டத்தில் மருந்து எடுக்கும் பாதிப் பேருக்கு அந்த எண் மனப்பாடம். என்னிடம் வந்து பதினோரு நாள் ஆகிறது. இரண்டு அழைப்புகளை மறக்க முடியவில்லை. முதலாவது ராத்திரி பத்தே முக்காலுக்கு வந்தது. ஒரு பையன், வயது இருபதுக்கு மேல் இருக்காது. காலையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ரிசல்ட் சொல்லியிருக்கிறார்கள், அதிலிருந்து வீட்டுக்குப் போகாமல் பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. சாப்பிட்டாயா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தேன். 11.20-க்குப் பேருந்து வந்தது. கண்டக்டர் விசில் ஊதுவது எனக்கு இங்கே கேட்டது. அதன் பிறகுதான் போனை வைத்தேன்.

இன்னொன்று ஒரு பெண். கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, மாமியார் வீட்டில் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். "நாளைக்குச் சொல்றேம்மா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

அடுத்த மாதம் பொதுக்குழு. என் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். என் பயம் இதுதான். தலைவர் என்றால் ஆட்சியரைப் பார்க்க வேண்டும், உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 அன்று மேடை ஏற வேண்டும், பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுப்பார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் என் விஷயம் தெரியாது. மகளுக்குத் தெரியும், என் அக்காவுக்குத் தெரியும், அவ்வளவுதான். பெயரும் முகமும் வெளியே போகாமல் இந்தப் பொறுப்பைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


பழைய பொருளாளர் எழுதியது:

வணக்கம் அம்மா. அந்தப் பையனைப் பேருந்து ஏற்றிவிட்டீர்கள் பாருங்கள், தலைவர் வேலையில் பெரிய பகுதியை அன்றைக்கே செய்துவிட்டீர்கள்.

நான் வேறு மாவட்டம். 2011-லிருந்து ஆறு வருடம் பொருளாளர். முகத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். சங்கங்கள் பணத்தால்தான் உடைகின்றன, அதைக் கண்ணால் பார்த்தவன்.

எங்கள் தலைவர் தங்கமான மனிதர். திட்ட நிதி வந்த காலத்தில் ஒரு ரூபாய் தவறாகத் தொட்டதில்லை. நிதி நின்ற பிறகு வாடகை, கரண்ட் பில், உறுப்பினர்களின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் சொந்தப் பணத்தில் போட்டார். ரசீது இல்லை, வவுச்சர் இல்லை. எழுபதாயிரத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு வருடம் கழித்து ஒரு நன்கொடை வந்ததும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டார், தான் கொடுத்ததைத் திரும்ப எடுப்பதாக நினைத்து. ஏட்டில் அவர் கொடுத்ததாக ஒரு வரி இல்லை, எடுத்தது மட்டும் பாஸ்புக்கில் இருக்கிறது. பொதுக்குழுவில் அவரைத் திருடன் என்றார்கள். நான் பொருளாளர், வாய் திறக்க முடியவில்லை, காட்ட என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. அதோடு அவர் மாத்திரையையே நிறுத்திவிட்டார். பிறகு இரண்டு பேர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சித்தான் திரும்ப மருந்துக்குக் கொண்டுவந்தோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதனால், சாவி கைமாறிய நாள் தேதியில் பீரோவில் என்னென்ன இருக்கிறது, வங்கியில் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு காகிதத்தில் எழுதி அண்ணனும் நீங்களும் இன்னும் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் கைக்காசு போட்டிருந்தால் அதைப் பொதுக்குழுவில் சொல்லி நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுங்கள். கடனா, நன்கொடையா என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும். வங்கியில் இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி வையுங்கள். நீங்கள் பத்து ரூபாய் பஸ் சார்ஜ் கொடுத்தால்கூட எழுதுங்கள். திரும்ப வாங்காவிட்டாலும் எழுதுங்கள்.

வெளிநாட்டு நிதி பற்றி யாராவது ஆசை காட்டினால் நிதானமாக இருங்கள். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தைத் திருத்திய பிறகு, ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. முன்பு பெரிய அமைப்புகள் வாங்கி எங்களைப் போன்ற மாவட்டச் சங்கங்களுக்குக் கொஞ்சம் கொடுக்கும், அந்த வழி அடைபட்டது. நேரடியாக வாங்க வேண்டுமானால் தனிப் பதிவு வேண்டும், டெல்லியில் ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளையில் கணக்கு வேண்டும். தையல் மெஷினை விட்டுவிட்டு நீங்கள் அதன் பின்னால் ஓட முடியாது.


பறை எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன், அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா மாதிரிகளைச் சேகரித்தார், வழிகாட்டியது டாக்டர் சுனிதி சாலமன். அதன் பிறகு பத்து வருடம் எங்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், நாங்கள் பேசவில்லை. சுவரில் மண்டை ஓடு படம் வரைந்து எய்ட்ஸ் என்றால் சாவு என்று எழுதினார்கள். அது எப்போது மாறியது? 1997-ல் பாசிட்டிவ் மக்களின் இந்திய அளவிலான அமைப்பான ஐ.என்.பி. பிளஸ் சென்னையில் தொடங்கியது. மறு வருடம் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெண்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கினார், தன் பெயரில், தன் முகத்தோடு. அவர்கள் முகம் கொடுத்ததால்தான் மண்டை ஓடு போனது. 1983-ல் அமெரிக்காவில் டென்வரில் கூடியவர்கள் சொன்னதும் இதைத்தான். எங்களைப் பலியானவர்கள் என்று சொல்லாதே, எங்களைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் எங்களை உட்கார வை என்றார்கள். 1994-ல் பாரிஸில் 42 நாடுகள் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டன.

2006-ல் ஒரு கூட்டு மாத்திரைக்குப் பன்னாட்டுக் கம்பெனி காப்புரிமை கேட்டபோது, கொல்கத்தா காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு போட்டது மணிப்பூரின் பாசிட்டிவ் மக்கள் சங்கமும் ஐ.என்.பி. பிளஸ்ஸும்தான். கம்பெனி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. வக்கீல் தனியாகப் போயிருந்தால் அது வெறும் சட்டப் புள்ளி. மாத்திரை சாப்பிடுகிறவனே வந்து நின்றதால்தான் அது உயிர்ப் பிரச்சினை ஆனது. 2022-ல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது டெல்லியில் நாக்கோ என்ற தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்தவர்களும் அப்படித்தான்.

தலைவர் முகத்தை மறைத்தால் உறுப்பினர்கள் என்ன நினைப்பார்கள்? தலைவருக்கே வெட்கம் என்றால் நமக்கு என்ன என்று நினைக்க மாட்டார்களா? முகம் காட்ட முடிகிறவர் தலைவர் ஆகட்டும். அக்கா செயலாளராக இருந்து உள் வேலையைப் பார்க்கட்டும். என் கருத்து இதுதான்.


இரண்டறை வீடு எழுதியது:

பறை தம்பி, நீங்கள் சொன்ன வரலாறு முழுதும் உண்மை. ஆனால் "வெட்கம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

எனக்கு வெட்கம் கிடையாது. 2014-ல் ஒரு கூட்டத்தில் பேசினேன், மறுநாள் மாவட்டப் பதிப்பில் படம் வந்தது. முகத்தை மறைத்துப் போடச் சொல்லியிருந்தேன், மறக்க மாட்டோம் என்றார்கள், மறந்துவிட்டார்கள். அந்த வாரமே வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொன்னார். காரணம் சொல்லவில்லை, மகனுக்குக் கல்யாணம் என்றார். அடுத்த வீடு கிடைக்க நான்கு மாதம். பள்ளிக்கூடத்தில் என் மகன் தண்ணீர் குடித்த டம்ளரை யாரும் தொடவில்லை. அவன் எட்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு அவன் என்னோடு எங்கேயும் வரவில்லை, சந்தைக்குக்கூட.

நான் அதற்காக வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். இன்னும் நான் சங்க வேலை செய்கிறேன். ஆனால் முகம் காட்டுவது என்பது நான் மட்டும் கொடுக்கும் விலை என்று நினைத்துவிட்டேன். அவனைக் கேட்கவில்லை. தையல்காரி, உங்கள் மகளைக் கேளுங்கள். எங்களை எல்லாம் கேட்பதற்கு முன்னால் அவளைக் கேளுங்கள்.


பறை எழுதியது:

அக்கா, அந்தச் சொல்லைப் போட்டிருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள். எனக்குக் குடும்பம் இல்லை, இழக்க வீடு இல்லை, அந்த இடத்தில் நின்று பேசிவிட்டேன்.

முகம் உள்ள ஒரு ஆளாவது முன்னால் வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை. அது தலைவராகத்தான் இருக்க வேண்டுமா என்பதை யோசிக்கிறேன்.


கறுப்புக் கோட்டு எழுதியது:

இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். நீதிமன்றத்தில் இந்த வழக்குகளை எடுப்பவன் என்பதால் இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெண், நேரம் தள்ளக் கூடாது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணவரோடு வாழ்ந்த அந்த வீட்டில் குடியிருக்க அவருக்கு உரிமை உண்டு என்று அதில் தெளிவாக இருக்கிறது. வெளியே தள்ளக் கூடாது. குடும்ப வன்முறைச் சட்டத்திலும் இதே பாதுகாப்பு கிடைக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள். வழக்கில் பெயரை மாற்றி வைத்து நடத்தக் கேட்கலாம், மூடிய அறையில் விசாரிக்கவும் கேட்கலாம், 2017 சட்டமே அதற்கு வழி செய்திருக்கிறது. நாளைக்கே அவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது உங்கள் கேள்வி. சங்கங்கள் பதிவுச் சட்டப்படி உறுப்பினர் பட்டியலும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். பெயர், முகவரி, தொழில் இருக்கும். உடல்நிலை அங்கே எழுதுவதில்லை. பிறகு எப்படி வெளியே தெரிகிறது? உங்கள் பைலாவால், அதாவது சங்க விதிகளால்! "எச்.ஐ.வி. உள்ளவர்கள் மட்டுமே உறுப்பினர் ஆகலாம்" என்று அதில் ஒரு வரி இருந்தால், பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் பாசிட்டிவ் என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி. பழைய சங்கங்கள் பலவற்றில் இந்த வரியைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில் போட்டது, வெளி ஆட்கள் வந்து பிடித்துக்கொள்ளக் கூடாது என்று. அதை "எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர், அவர்கள் குடும்பத்தார், இந்த நோக்கத்தை ஏற்று உழைப்போர்" என்று திருத்துங்கள். பாசிட்டிவ் மக்களுக்குச் செயற்குழுவில் பெரும்பான்மை இருக்கும்படி உள் நடைமுறை வைத்துக்கொள்ளலாம். அப்புறம் தலைவர் பெயர் வெளியே இருந்தாலும் அந்தப் பெயர் எதையும் சொல்லாது. யாராவது கேட்டால் "இந்தச் சங்கத்தில் எல்லாரும் இருக்கிறோம்" என்று சொன்னால் போதும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரை அவருடைய நிலையைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அந்தச் சட்டத்தில் "நிறுவனம்" என்பதற்குக் கொடுத்திருக்கிற விளக்கம் அகலமானது. சம்பளம் வாங்காமல் நடத்தினாலும், தொடர்ந்து சேவை செய்யும் அமைப்பு அதற்குள் வரும். எச்.ஐ.வி. சம்பந்தப்பட்ட தகவலை வைத்திருக்கிற நிறுவனம் அதைப் பாதுகாக்கக் கடமைப்பட்டது. அதாவது உங்கள் பீரோ! அந்தப் பீரோவில் எத்தனை பேருடைய படிவம், போட்டோ, மருந்துச் சீட்டு நகல் இருக்கிறது? சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது? ஆஸ்பத்திரிக்காரர்கள் ரகசியத்தை உடைத்தால் நாம் கொடி பிடிக்கிறோம், நம் வீட்டுக்குள்ளும் அதே அளவுகோல்தான்.


நம்பிக்கை எழுதியது:

நான் பாசிட்டிவ் இல்லை. அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருந்து விலகியவள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒருமுறை எங்கள் ஊர்ச் சங்கத்தில் என்னையே தலைவராக இருக்கச் சொன்னார்கள். படித்தவர், அதிகாரிகளிடம் பேசத் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை என்றார்கள். மாட்டேன் என்றேன். நான் போய் அதிகாரி முன்னால் உட்கார்ந்தால் அது சிபாரிசு. நீங்கள் போய் உட்கார்ந்தால் அது உரிமை. பறை தம்பி சொன்னதில் எனக்கு மிகவும் உடன்பாடான இடம் அதுதான்.

2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அங்கே ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ராத்திரி ரயில் ஏறி வருவார்கள். இன்றைக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் மையம் இருக்கிறது, பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே இருந்தால் உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவாது. இதையெல்லாம் நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொள்வார்கள், தலையாட்டுவார்கள். வெளியே போய் மர நிழலில் சங்கத்து ஆள் பக்கத்தில் உட்கார்ந்து "இது நிஜமா?" என்று கேட்பார்கள். அவர் "நான் பதினெட்டு வருஷமா சாப்பிடுறேன், என் பொண்ணைப் பாரு" என்பார். அதோடு சந்தேகம் தீரும்.

என் கவுன்சிலிங் அறைக்குள் நடக்காத ஒன்று அந்த மர நிழலில் நடந்தது. தையல்காரி அதைத்தான் போனில் செய்திருக்கிறீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மையத்தில் ஆள் பற்றாக்குறை எப்போதும் இருக்கும். சங்கத் தொண்டர்களை டோக்கன் கொடுக்க, ஃபைல் எடுக்க, மருந்து எண்ணக் கூப்பிடுவார்கள். உதவியாகச் செய்வோம், மரியாதை கிடைக்கும், நல்லாத்தான் இருக்கும். ஆனால் மாத்திரை முப்பதுக்குப் பதில் பத்து கொடுத்து அனுப்புகிற நாள் வரும்போது, வரிசையில் நிற்பவர் கோபம் டோக்கன் கொடுத்த உங்கள் மேல்தான் விழும். நீங்களும் எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். மேஜைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைத் தலைவர் மறக்கக் கூடாது.


பஞ்சு எழுதியது:

நான் பேசலாமா தெரியவில்லை. எனக்கு 22. பிறந்ததிலிருந்து எனக்கு இருக்கிறது. அம்மா அப்பா இருவரும் இல்லை, பாட்டி வளர்த்தார்.

என் பெயர் ஏன் பஞ்சு என்றால், ஹாஸ்டலில் மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் வரும். முப்பது மாத்திரை இருந்தால் பரவாயில்லை, மாதக் கடைசியில் நாலைந்து இருக்கும்போதுதான் பெரிய சத்தம். அதற்கு மேலே பஞ்சு வைத்து அமுக்க வேண்டும், லேபிளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரிக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு சங்கத்து அண்ணன். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. பதினைந்து வருடம் ஒரே ஆள் தலைவர், அவருக்கு உடம்பு முடியாமல் போனால் அடுத்த ஆளைத் தேடுகிறோம். அடுத்தவருக்கும் முடியாமல் போகும்வரை அவர்தான். எங்கள் ஊரிலும் இப்படித்தான். என் வயதுக்காரர்கள் சங்கத்துக்குப் போனால் நாற்காலி அடுக்கச் சொல்வார்கள், டிசம்பர் 1 பேரணியில் பேனர் பிடிக்கச் சொல்வார்கள். திட்டம் என்ன, பணம் எவ்வளவு என்று கேட்டால் "சின்னப் பையன்" என்பார்கள். நான் எட்டு வயதில் தனியாக ஏ.ஆர்.டி. வரிசையில் நின்றவன்.

அக்கா, போனை மூன்று பேர் பிரித்துக்கொள்ளலாமே? இரவு பத்து மணிக்கு மேல் எங்களைப் போன்றவர்கள் எடுக்கலாம், நாங்கள் எப்படியும் முழித்துத்தான் இருப்போம். அந்தப் பேருந்து நிலையத்துப் பையன் என் வயதுதான். நீங்கள் பேசியது நல்லது. ஆனால் அவன் காதல், கல்யாணம், வேலை, மெடிக்கல் டெஸ்ட் என்று கேட்க ஆரம்பித்தால் அவனுக்கு நான் பேசினால் இன்னும் நல்லது.


பழைய பொருளாளர் எழுதியது:

தம்பி பஞ்சு, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். நாற்காலி அடுக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

போனைப் பிரிப்பது சரியான யோசனை. ஒரு நிபந்தனை. இரவில் அந்த மாதிரி அழைப்பு எடுத்தவர் மறுநாள் யாரிடமாவது அதைப் பேசி இறக்கி வைக்க வேண்டும். எங்கள் தலைவர் எதையும் யாரிடமும் இறக்கி வைக்கவில்லை.

அப்புறம் ஒரு விஷயம், பறைக்குப் பிடிக்காது என்று தெரிந்தே சொல்கிறேன். தலைவருக்குப் பயணப்படியாவது கொடுக்க வேண்டும். தையல்காரி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிற நாளில் மூன்று ஜாக்கெட் தைக்க முடியாது. தொண்டு என்ற பெயரில் ஏழையிடம் கூலியைப் பிடுங்குவது எந்த நியாயம்?


பறை எழுதியது:

பிடிக்காது என்று யார் சொன்னது? மாதச் சம்பளம் வேண்டாம் என்பேன், சம்பளம் வந்தால் பதவிக்குச் சண்டை வரும், எங்கள் ஊரில் வந்தது. போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் கொடுக்கத்தான் வேண்டும். பைலாவில் இடம் வைத்து, பொதுக்குழுவில் தொகையைச் சத்தமாகப் படித்து, எல்லோரும் கை தூக்கிய பிறகு கொடுங்கள். மறைவாக எதுவும் கொடுக்காதீர்கள்.


தையல்காரி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் பதில் எழுத வேண்டும் என்றிருந்தேன், தீபாவளித் துணி குவிந்துவிட்டது.

முதலில் அந்தப் பெண். வக்கீல் சார் எழுதிய மறுநாளே கூப்பிட்டேன். சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்த மேடம் மாமியார் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பினார். இப்போது பின்கட்டில் ஓர் அறையில் இருக்கிறார். சமையல் தனி. மாமியார் பேசுவதில்லை, ஆனால் பேரனை மட்டும் தூக்கி வைத்துக்கொள்கிறாராம். முழு நியாயம் இல்லை, வழக்கு நடக்கட்டும்.

மகளிடம் கேட்டேன். இரண்டறை வீடு அக்கா, நீங்கள் சொல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டேன், அவளுக்காகத்தானே பயப்படுகிறேன் என்று நானே முடிவு செய்திருப்பேன். ராத்திரி பட்டன் கட்டிக்கொண்டே கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பேப்பர்ல போட்டோ மட்டும் என் பரீட்சை முடியற வரைக்கும் வேணாம்மா. அதுக்கப்புறம் நான் காலேஜுக்கு வெளியூர் போயிடுவேன், நீ என்ன வேணா பண்ணு" என்றாள். கொஞ்சம் கழித்து, "நீ தலைவரானா நான் உன் லெட்டரெல்லாம் டைப் பண்ணித் தரேன்" என்றாள்.

பொதுக்குழுவில் தொண்ணூறு பேருக்கு மேல் வந்தார்கள். என்னைத் தலைவராக்கினார்கள். அண்ணன் டயாலிசிஸ் முடித்த மறுநாள், கையில் பிளாஸ்திரியோடு வந்து உட்கார்ந்தார். அவர் கைக்காசு எவ்வளவு என்று கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார். பொருளாளர் அண்ணா சொன்ன கதையை, ஊர் பெயர் இல்லாமல், அவரிடம் சொன்னேன். அப்புறம் ஒரு டைரியை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்! நாற்பத்தோராயிரம். நன்கொடை என்றார், அப்படியே குறிப்பில் ஏற்றினோம். மார்ச் மாதம் மகள் பரீட்சை எழுதி முடிக்கும் வரை பத்திரிகைக்கும் மேடைக்கும் அவரே முகம் கொடுப்பதாகச் சொன்னார். "ஒட்டின கன்னம் இன்னும் ஆறு மாசம் வேலைக்கு ஆகும்மா" என்றார். அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன் என்று இப்போது உறுதி சொல்ல மாட்டேன். மார்ச்சில் மகளும் நானும் உட்கார்ந்து பேசுவோம்.

உறுப்பினர் விதியைத் திருத்தத் தீர்மானம் போட்டாகிவிட்டது. இரண்டு பேர் கடுமையாக எதிர்த்தார்கள், வெளி ஆட்கள் நுழைவார்கள் என்று. அவர்கள் பயம் நியாயமானது. செயற்குழுவில் பாதிக்கு மேல் நாமே என்று குறிப்பில் எழுதிய பிறகுதான் கை தூக்கினார்கள். பயணப்படி ஒரு நாளைக்கு முந்நூறு, சத்தமாகப் படித்தோம்.

போன் மூன்று கைக்குப் போயிருக்கிறது. பத்து மணிக்கு மேல் ஒரு தம்பியும் ஒரு தங்கையும் மாறி மாறி எடுக்கிறார்கள், இருவருக்கும் 25-க்குள். போன வாரம் அந்தப் பேருந்து நிலையத்துப் பையன் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான். மருந்து தொடங்கிவிட்டானாம். ஹாஸ்டலில் டப்பா சத்தம் கேட்கிறது, என்ன செய்வது என்று கேட்டான். பஞ்சு தம்பி, நீ எழுதியதை எங்கள் பையன் அவனுக்குச் சொல்லியிருக்கிறான்.

வக்கீல் சாருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு கேள்வி. பீரோவில் இருக்கும் படிவங்களில் பெயருக்குப் பதில் எண் போட்டு, பெயர்ப் பட்டியலைத் தனியாகப் பூட்டி வைக்கலாம் என்று இருக்கிறோம். யாராவது அப்படிச் செய்திருந்தால் பதிவேட்டின் பத்திகளை எப்படிப் பிரித்தீர்கள் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் நான்கு பேர் பீரோவைத் திறந்து உட்காரப் போகிறோம்.